மாடி மல்பெரிக்கு எந்தக் காவல்? வலை, உறை, கூண்டு, விரட்டி: ஓர் ஒப்பீடு

"இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும், நாளைக்குக் காலையில் பறித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவைத்த பழம் காலையில் இருக்காது. காம்பு மட்டும் நிற்கும், தரையில் நாலைந்து ஊதாக் கறை இருக்கும். மொட்டைமாடியில் மல்பெரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் இரண்டு மல்பெரி, ஒரு மேற்கிந்திய செர்ரி, தானாக முளைத்த மணத்தக்காளி, ஒரு களாச் செடி இருக்கின்றன. தெரிந்தவர்களில் செடி வாங்கி வைத்தவர்கள் ஓராண்டு கழித்து என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "வலை போடுவதா, பை கட்டுவதா, கூண்டே அடித்துவிடுவதா?"

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குச் சரியாக வருவது மாதவரம் பால்பண்ணைப் பக்கம் தனிவீட்டில் இருப்பவருக்குச் சரியாக வராது. அதனால் எதை வைத்து முடிவு செய்வது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

தின்பது யார்? இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். பகலில் பழம் குறைகிறதா, இரவிலா என்று இரண்டு நாள் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு எண்ணிவைத்த பழம் காலை ஐந்தரைக்கும் அப்படியே இருந்து, எட்டு மணிக்குள் காணாமல் போனால் அது பறவை, இல்லையென்றால் அணில். பாதி கொத்தி, மீதி கொடியிலோ கிளையிலோ தொங்கினால் பெரும்பாலும் கொண்டைக்குருவி அல்லது மைனா. குயில் முழுப்பழமாகவே விழுங்கிவிடும், தடயம் விடாது. பல்லால் கறண்டிய தடமும் கடித்துத் துண்டான இளங்கிளையும் இருந்தால் அணில். இரவில் பழம் போய், காலையில் செடிக்கடியிலோ சுவரோரமாகவோ சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டை கிடந்தால் பழந்தின்னி வௌவால். தரையில் வைத்த தொட்டியில் மண்ணைப் பறித்து, தண்டின் அடியையும் கடித்திருந்தால் எலி அல்லது பெருச்சாளி.

எத்தனை செடி, எவ்வளவு உயரம்? ஒரு தொட்டிச் செடிக்குச் செய்வதைப் பத்தடி மரத்துக்குச் செய்ய முடியாது.

உயிருக்கு ஆபத்து உண்டா? எனக்கு இது எல்லாவற்றிலும் முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

கடற்காற்றும் புயலும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் சாதாரண இரும்புக் கம்பி ஓரிரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றை வாங்கும் எதுவும் மாடியில் நிற்காது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது மாடிகளில் இருந்த தகரமும் பந்தலும் எங்கே போய் விழுந்தன என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேனீ வர வேண்டுமா? மல்பெரிக்கு வேண்டாம். அதற்குக் காற்றே போதும், வீட்டில் வளர்க்கும் பல வகைகள் மகரந்தம் சேராமலேயே காய்க்கின்றன. மேற்கிந்திய செர்ரிக்கு அப்படியில்லை, பூக்கும் சமயத்தில் தேனீ வந்து போனால் காய்ப்பு கூடும். அதைப் பூவோடு சேர்த்து மூடக் கூடாது.

உங்கள் நேரம். தினம் பத்து நிமிடம் மாடியில் இருக்க முடியுமா, வாரம் ஒருமுறைதான் ஏறுவீர்களா? பணத்தைவிட இதுதான் கடைசியில் தீர்மானிக்கிறது.

## செடி முழுவதற்கும் வலை

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்துத் தெருவில் கடலுக்குப் போகும் அண்ணன் ஒருவர், "இன்னாத்துக்குக் கடையில காசு குடுத்து வாங்குற? வூட்ல பழைய வலை கெடக்குது, எடுத்துக்கோ" என்று அன்போடு கொடுத்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் வலைகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் காலம் அது, கழித்துப்போட்ட வலை சுலபமாகக் கிடைக்கும். மாடியில் கோடைக் காய்ப்பும் அப்போதுதான். செலவே இல்லை, கையோடு போர்த்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கொண்டைக்குருவி அதில் மாட்டியிருந்தது. அந்த வலை மெல்லிய நரம்பு வலை. கண்ணுக்கே தெரியாத நரம்பு, விரல் நுழையும் கண். துடிக்கத் துடிக்க இறுகும், மீனைப் பிடிப்பதற்கென்றே செய்தது. கத்தரியால் வெட்டி எடுக்கும்போது அதன் இறக்கையடியில் நரம்பு அறுத்திருந்தது. பறந்து போனது, பிழைத்ததா என்று தெரியாது. அன்றைக்கே வலையை அவிழ்த்துவிட்டேன். பழைய மீன்வலையைச் செடிமேல் தொளதொளவென்று போர்த்தாதீர்கள். சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

வலை போடுவதென்றால் கண் எவ்வளவு சிறியது என்பதே முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழச்செடிகளுக்குப் போடும் வலையின் கண் முழுக்க இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். சுலபமான சோதனை: சுண்டுவிரல் உள்ளே போனால் அந்த வலை வேண்டாம். நிறம் வெள்ளையாக இருந்தால் பறவைக்கும் வௌவாலுக்கும் தெரியும், மோதாது. கறுப்பு, பச்சை வலைகள் இருட்டில் தெரிவதில்லை.

அடுத்தது, வலை செடிமேல் படக் கூடாது. இலைமேல் கிடந்தால் வெளியிலிருந்தே வலை வழியாகக் கொத்தும். நான்கு மூலையில் கழி நட்டு, மேலே இழுத்துக் கட்டி, அடியில் இடைவெளி விடாமல் செங்கல் வைக்க வேண்டும். அடி திறந்திருந்தால் மைனா நடந்தே உள்ளே போகும், வெளியே வரத் தெரியாமல் அலறும்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. நைலான் வலை வெயிலில் நைந்துபோகும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்கினால்தான் ஓரிரு வருடம் தாண்டும். அணில் நைலானைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். பச்சை நிழல்வலை மலிவுதான், ஆனால் வெயிலில் பாதியை வெட்டிவிடும், பழம் இனிக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் பாய்மரம்போல் காற்றை வாங்கி தொட்டியையே சாய்த்துவிடும்.

பறவைத் தொல்லை மட்டும் இருந்து, அணில் இல்லாத, செடிகள் ஒரே வரிசையில் நிற்கும் மாடிக்கு இது நல்ல வழி. வலையின் உள்ளும் வெளியும் தினம் ஒருமுறையாவது பார்க்க முடிகிறவர்களுக்கு மட்டும். ஒருவேளை எதாவது மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். துண்டால் மூடி, இருட்டாக்கி, வலையை வெட்டி எடுங்கள்.

## கிளைக்குக் கொசுவலை உறை

நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். நண்பர்கள் முக்கால்வாசிப் பேருக்கும் இதையே சொல்கிறேன்.

மல்பெரிப் பழம் கிளை நெடுக, கணுவுக்குக் கணு காய்க்கும். ஒவ்வொரு பழத்துக்கும் பை கட்ட முடியாது. ஆனால் கிளைக்கு உறை போடலாம். பழைய கொசுவலையை இரண்டடி, இரண்டரை அடி நீளத்துக்கு வெட்டி, நீளவாக்கில் மடித்து ஒரு தையல் போட்டால் இரண்டு பக்கமும் திறந்த சட்டைக்கைபோல் வரும். கிளையின் நுனியிலிருந்து நுழைத்து, அடிப்பக்கம் துணி நாடாவால் கட்டி, நுனியையும் கட்டிவிடுங்கள். கம்பியால் கட்டாதீர்கள், பட்டையை அறுக்கும். கிளை கூடவே வளரும் என்பதால் நுனியில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, நன்றாகப் பழுத்து உதிரும் பழமும் உறைக்குள்ளேயே விழுந்து கிடக்கும். மல்பெரி பறித்த பிறகு பழுக்காது. சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிப்புதான், கறுக்கும்வரை கிளையில் இருந்தால்தான் இனிப்பு. பறவைக்குப் பயந்து முன்னாலேயே பறிக்கும் வழி கொய்யாவுக்கும் சப்போட்டாவுக்கும் சரி, மல்பெரிக்கு உதவாது. உறை போட்ட பிறகுதான் கறுத்த மல்பெரியின் முழு ருசி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்தது.

கொசுவலையின் கண் நுண்ணியது, பறவையின் நகமோ அலகோ சிக்காது. காற்றில் பறக்காது. கடற்காற்று ஒன்றும் செய்யாது. வாடகை வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. காய்ப்பு முடிந்ததும் அவிழ்த்துத் துவைத்து எடுத்துவைக்கலாம்.

குறையும் இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை உறையை அவிழ்த்துப் பறித்து மறுபடி கட்ட வேண்டும், பத்துக் கிளை என்றால் அரை மணி நேரம் போகும். உள்ளே மாவுப்பூச்சி வந்தால் வெளியே தெரியாது, பல்கிவிடும். கட்டும் முன் இலையின் அடிப்பக்கம் பார்த்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டுக் கட்டுங்கள். மழை நாளில் உதிர்ந்த பழம் உள்ளே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அணில் பிடிவாதமாக வந்தால் துணியைக் கடிக்கும். எங்கள் மாடியில் ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று உறை அப்படிப் போகிறது, அதை நான் செலவாகவே எண்ணவில்லை.

## ஒவ்வொரு பழத்துக்கும் சிறு பை

மாதுளை, அத்தி, கொய்யா போல எண்ணி எடுக்கும் பழத்துக்கு இது. விசேஷங்களில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் ஆர்கன்சா சுருக்குப் பை பாரிமுனை, சௌகார்பேட்டைப் பக்கம் மொத்தமாகக் கிடைக்கும். பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்ததும் போட்டு, காம்பில் சுருக்கிவிட வேண்டியதுதான். வெயிலும் காற்றும் போகும், கொய்யாவில் பழ ஈயும் முட்டையிடாது. அணிலுக்கு மட்டும் இது தடை இல்லை, பையோடு கடித்துத் தின்னும். மேற்கிந்திய செர்ரியில் கொத்தாக வரும் இடத்துக்குப் பெரிய பையாகப் போடலாம். பூ காய்ந்து பிஞ்சு பிடித்த பிறகு போடுங்கள். அங்கிருந்து பழுக்க மூன்று நான்கு வாரம்தான்.

## கம்பி வலைக் கூண்டு

அணிலும் எலியும் ஓயாமல் வரும் வீட்டுக்கு உறுதியான பதில் இது ஒன்றுதான். நைலானும் துணியும் அவற்றின் பல்லுக்கு முன் நிற்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை வேண்டும். ஒரு அங்குலக் கோழி வலை போட்டவர்கள் வீட்டில் குட்டி அணில் நுழைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நாலடிக்கு நாலடி, ஆறடி உயரம் உள்ள ஒரு கூண்டுக்கு நான்கு பக்கமும் சேர்த்து 96 சதுர அடி, மேலே 16, மொத்தம் 112 சதுர அடி வலை. நாலடி அகல உருளையில் 28 அடி நீளம். சட்டம், கதவு, தாழ்ப்பாள், வெல்டிங் கூலி எல்லாம் தனி. கடைக்காரர் வலையின் விலையை மட்டும்தான் சொல்வார், முழுச் செலவும் தெரிய வேண்டுமென்றால் சட்டம் அடிப்பவரிடம் கேளுங்கள்.

வடசென்னையில் கூண்டின் பெரிய எதிரி உப்புக்காற்று. கடலோரத் தெருக்களில் சாதாரண முலாம் பூசிய கம்பி வெல்டிங் மூட்டில்தான் முதலில் துருப்பிடிக்கும். சட்டத்தை அலுமினியத்திலோ யூபிவிசி குழாயிலோ போட்டு, வலையை மட்டும் பிளாஸ்டிக் பூச்சுள்ளதாக வாங்குங்கள். கைப்பிடிச் சுவரில் நாலு இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைக்காதீர்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், காலி செய்யும்போது வரும் சண்டை மிச்சம்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. மல்பெரி கவாத்து செய்தால் புதுக்கிளை விட்டு, அந்தப் புதுக்கிளையில்தான் காய்க்கும். வெட்டாமல் விட்டால் கூண்டை முட்டிக்கொண்டு நிற்கும், வெளியே வந்த நுனியெல்லாம் பறவைக்குத்தான். கூண்டு போட்டால் கவாத்தையும் ஒழுங்காகச் செய்தாக வேண்டும். மாதவரம், கொளத்தூர், மணலிப் பக்கம் சொந்த வீடு, அணில் தொல்லை, நாலைந்து செடி என்றால் ஒரே தடவையாகப் போட்டுவிடுங்கள். ஒரு செடிக்கு மட்டும் போடுவது வீண்.

## விரட்டிகள்: சிடி, ரிப்பன், பொம்மை, ஒலிக்கருவி

பழைய சிடியும் மினுமினுக்கும் ரிப்பனும் முதல் வாரம் வேலை செய்யும். அப்புறம் காகம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கும். ஆந்தை பொம்மையும் அப்படியே, இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு வாரம் ஓடும். காய்ப்பு பத்துப் பதினைந்து நாளில் முடிகிற செர்ரிக்கு இது போதுமானதாக இருக்கலாம், மூன்று நான்கு வாரம் பழுக்கும் மல்பெரிக்குப் போதாது. பழைய வண்ணாரப்பேட்டைபோல எதிர்வீடு கைநீட்டும் தூரத்தில் இருக்கும் தெருக்களில் சிடியின் வெளிச்சம் அடுத்த வீட்டு ஜன்னலில் அடிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

நம் காதுக்கே கேட்காத உச்ச ஒலி எழுப்பும் மீயொலிக் கருவியைப் பறவைக்காக வாங்காதீர்கள். அந்த ஒலி பறவையின் காதுக்கு எட்டவே எட்டாது.

## மிளகாய்க் கரைசல்

இதை நிறையப் பேர் சொல்கிறார்கள். மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. கிளி பழுத்த மிளகாயை ரசித்துத் தின்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாலூட்டிகளுக்கு மட்டுமே அந்த எரிச்சல். அதனால் அணிலுக்குக் கொஞ்சம் உதவும், கொண்டைக்குருவிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மழைக்குக் கரைந்துபோகும். மல்பெரிபோல மெல்லிய பழத்தை அழுத்திக் கழுவவும் முடியாது, காரம் நம் வாயில்தான் வந்து சேரும். காற்றடிக்கும் மாடியில் தெளிக்கும்போது கண்ணில் பட்ட அனுபவம் எனக்கு உண்டு. தொட்டி மண்ணைக் கிளறும் எலிக்கு வேண்டுமானால் தண்டைச் சுற்றித் தெளிக்கலாம், பழத்தில் வேண்டாம்.

விஷமும் பசைப்பொறியும் எனக்கு ஒரு வழியாகவே படவில்லை. பூனையும் காகமும் அதில் சாகும், கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். கிளி உள்ளிட்ட பறவைகளுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

## பங்கு கொடுப்பது

தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கத்திரி வெயிலில் பறவை பழத்தைத் தேடுவதில் பாதி தாகத்துக்காக. அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்கள் மாடியில் கொத்தல் குறைந்தது, நிற்கவில்லை.

சிலர் பறவைகளுக்கென்றே சிங்கப்பூர் செர்ரி மரம் வைக்கச் சொல்வார்கள். வேகமாக வளரும், வருடம் முழுக்கப் பழம் தரும், குக்குறுவான் முதல் மைனா வரை எல்லாம் அங்கே போகும். இடமிருக்கும் தனிவீட்டுக்கு அருமையான வழி. ஆனால் இரவில் வௌவால்களும் அதற்கு வரும். சுவரிலும் காயும் துணியிலும் எச்சம் விழும், பக்கத்து வீட்டாரிடம் பதில் சொல்ல வேண்டும். நெருக்கமான தெருவில் வைக்காதீர்கள்.

வௌவால் கடித்த பழத்தை நல்ல பாதியென்று வெட்டித் தின்ன வேண்டாம். 2018-ல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. எந்த ஊராக இருந்தாலும் கடிபட்ட பழத்தைக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவுவதுதான் சரி.

## ஒரே பார்வையில்

| வழி | பறவை | அணில், எலி | வௌவால் | முதல் செலவு | தொடரும் வேலை |
|---|---|---|---|---|---|
| சிறுகண் வெள்ளை வலை | நன்று | கடித்துவிடும் | நன்று | நடுத்தரம் | தினம் பார்க்க வேண்டும், புயலுக்குக் கழற்ற வேண்டும் |
| கொசுவலை உறை | நன்று | ஓரளவு | நன்று | மிகக் குறைவு | இரண்டு நாளைக்கு ஒருமுறை |
| ஆர்கன்சா பை | நன்று | இல்லை | ஓரளவு | குறைவு | கட்டும்போது மட்டும் |
| கம்பிக் கூண்டு | மிக நன்று | மிக நன்று | மிக நன்று | அதிகம் | கவாத்து, துரு பார்ப்பது |
| சிடி, ரிப்பன் | ஒரு வாரம் | இல்லை | இல்லை | கிட்டத்தட்ட இல்லை | இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் |
| மிளகாய்க் கரைசல் | இல்லை | ஓரளவு | சொல்ல முடியாது | குறைவு | ஒவ்வொரு மழைக்கும் |

## உங்கள் வீட்டுக்கு எது?

வாடகை வீடு, ஒன்றிரண்டு தொட்டி மல்பெரி என்றால் கொசுவலை உறை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். காலையில் வேலைக்குக் கிளம்பி ராத்திரி வருகிறவர்கள், வாரக் கடைசியில்தான் மாடி ஏறுகிறவர்கள், வலை பக்கமே போகாதீர்கள். மாட்டிய உயிர் ஒரு நாள் முழுக்க வெயிலில் தொங்கும். உங்களுக்கும் உறைதான் நல்லது, வாரம் ஒருமுறை அவிழ்த்தாலும் உதிர்ந்த பழத்தில் பாதி தேறும். சொந்த வீடு, அணில், நான்குக்கு மேல் செடி என்றால் கூண்டுக்குச் சேமியுங்கள், அதுவரை உறை கட்டுங்கள்.

களாச் செடிக்கு ஒன்றும் செய்யாதீர்கள். முள்ளே அதற்குக் காவல், ஊறுகாய்க்கு நாம் காயாகவே பறித்துவிடுகிறோம். மணத்தக்காளியும் வற்றலுக்கென்றால் பச்சையாகப் பறிப்பதுதான், பழுத்ததைக் கொண்டைக்குருவி தின்று விதையைப் பக்கத்துத் தொட்டியில் போட்டால் அடுத்த செடி இலவசம்.

எங்கள் மல்பெரியில் கைக்கு எட்டும் கிளைகளுக்கு எல்லாம் உறை இருக்கிறது. எட்டாத உச்சிக் கிளைகள் மூன்றைக் கட்டாமல் விட்டுவிட்டேன். காலை ஆறேகாலுக்கு ஒரு ஜோடி கொண்டைக்குருவி அங்கே வந்து உட்காருகிறது, கீழே இருக்கும் உறைகளை அவை தொடுவதில்லை.